பூமத்திய ரேகையில் ஒரு பென்குயின்



பென்குயின் என்றதும் உங்க மனசுல என்ன வருது? பனி, ஐஸ் பாறை, ஊளையிடும் காற்று, வரிசையா நிற்கும் கருப்பு வெள்ளைப் பறவைகள். அண்டார்டிகா, அவ்வளவுதான். ஆனால், இந்த மாதம் நாம் படிக்கப்போகும் பென்குயின் தன் வாழ்நாளில் ஒரு நாள்கூட பனியைப் பார்க்காது. அது வாழும் இடம் பூமத்திய ரேகை. ஆமாம், நம்ம தலைக்கு மேலே மதியம் காய்கிற அதே சூரியன்தான் அதற்கும்.

அதன் பெயர் கலாபகஸ் பென்குயின். உலகில் உள்ள பென்குயின்களைப் பொதுவாக 18 வகையாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றுள் மிக அரிதானவற்றில் இதுவும் ஒன்று. மொத்த எண்ணிக்கை 2000-க்கும் குறைவு. நம்ம ஊர்ல ஒரு பெரிய இடைநிலைப்பள்ளி மாணவர்களை மொத்தமா நிற்க வைத்தால், அதைவிடக் குறைவாகத்தான் இந்தப் பறவை உலகத்திலேயே இருக்கும்.

நான் படிப்பது இயந்திரவியல் பொறியியல். வெப்பம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது என்பதை ஒரு முழு செமஸ்டர் படித்தேன். அந்தப் பாடத்தில் படித்ததெல்லாம் இந்தப் பறவையின் உடம்பிலேயே இருக்கிறது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். படிக்கும்போது இரண்டு கேள்விகளை மட்டும் மனசுல வச்சுக்குங்க. ஒன்று, இவ்வளவு வெயிலில் ஒரு பென்குயின் எப்படி வாழ்கிறது? இரண்டு, இவ்வளவு தாக்குப்பிடிக்கத் தெரிந்த பறவை ஏன் அழியும் நிலையில் இருக்கிறது?

1. எங்கே இருக்கிறது?

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஈக்குவடோர் என்று ஒரு நாடு. அங்கிருந்து பசிபிக் பெருங்கடலுக்குள் சுமார் 1000 கிலோமீட்டர் போனால் கலாபகஸ் தீவுகள் வரும். எல்லாமே எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி உருவான தீவுகள். 1835-ல் சார்லஸ் டார்வின் வந்து இறங்கியது இங்கேதான். 1959-ல் தேசியப் பூங்கா ஆனது. 1978-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்தத் தீவுகள் எல்லாவற்றிலும் பென்குயின் இல்லை. பத்தில் ஒன்பது பங்கு இரண்டே இடங்களில்தான்: மேற்குக் கோடியில் உள்ள பெர்னாண்டினா தீவு, அதற்குப் பக்கத்தில் உள்ள இசபெலா தீவின் மேற்குக் கரை. மீதி கொஞ்சம் சந்தியாகோ, பார்த்தலோமே, புளோரியானா போன்ற தீவுகளில் சிதறிக் கிடக்கின்றன. பெர்னாண்டினா இன்றும் உயிருள்ள எரிமலை. 2024 மார்ச்சில்கூட நெருப்பைக் கக்கியது.

இசபெலா தீவின் வட முனையைப் பூமத்திய ரேகை வெட்டிச் செல்கிறது. அங்கே இருக்கும் பென்குயின் கொஞ்சம் வடக்கே நீந்தினால் வட கோளத்துக்கே வந்துவிடும். இயற்கையாக வட கோளத்தில் வாழும் ஒரே பென்குயின் இதுதான். கோலாலம்பூர் 3 டிகிரி வடக்கில் இருக்கிறது. சிங்கப்பூரும் ஜொகூர் பாருவும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. அப்படிப் பார்த்தால் இந்தப் பென்குயின் நம்மைவிட பூமத்திய ரேகைக்கு நெருக்கமான பறவை!

2. வெயில் ஊரில் குளிர்ந்த கடல்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கலாபகஸில் வெயில் நம்ம ஊர் மாதிரிதான். ஆனால், கடல் நம்ம ஊர் மாதிரி இல்லை.

போர்ட் டிக்சனில் கடலில் இறங்கியிருப்பீங்க. தண்ணீர் வெதுவெதுன்னு இருக்கும். கலாபகஸின் மேற்குக் கரையில் இறங்கினால் உடம்பு சிலிர்க்கும். காரணம், கடலுக்கு அடியில் ஓடும் ஒரு நீரோட்டம். அதற்குக் குரோம்வெல் நீரோட்டம் என்று பெயர். 1952-ல் அதைக் கண்டறிந்த டவுன்சென்ட் குரோம்வெல் என்ற கடல் ஆய்வாளரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மேற்பரப்பில் தண்ணீர் கிழக்கிலிருந்து மேற்கே போகும். இந்த நீரோட்டமோ அதற்கு நேர் எதிராக, ஆழத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். பசிபிக் பெருங்கடலைக் கடந்து வந்து, பெர்னாண்டினா, இசபெலா தீவுகளின் அடிவாரத்தில் முட்டும். முட்டிய தண்ணீர் எங்கே போகும்? மேலேதான் ஏறும்.

ஆழத்திலிருந்து வரும் அந்தத் தண்ணீர் குளிர்ந்தது. அதோடு சத்து நிறைந்தது. சத்து இருந்தால் நுண்பாசிகள் வளரும். அதைத் தின்ன சின்னச் சின்ன மீன்கள் கூட்டங்கூட்டமாக வரும். மீன் இருந்தால் பென்குயின் வாழும். இப்போது புரிகிறதா, ஏன் பத்தில் ஒன்பது பென்குயின்கள் அந்த மேற்குக் கரையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று? அவை வாழும் உண்மையான வீடு அந்தத் தீவு இல்லை. தீவின் காலடியில் மேலேறி வரும் அந்தக் குளிர்ந்த தண்ணீர்தான். இதை மறந்துடாதீங்க. பாடத்தின் இரண்டாவது பாதி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

3. பார்க்க எப்படி இருக்கும்?

சின்னப் பறவை. உயரம் சுமார் 50 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ரூலர் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். எடை இரண்டிலிருந்து இரண்டரை கிலோ. கடையில் விற்கும் 5 கிலோ அரிசிப் பையில் பாதி. ஆண் பறவை பெண்ணைவிடச் சற்றுப் பெரியது.

முதுகும் தலையும் கருப்பு. வயிறு வெள்ளை. கண்ணிலிருந்து தொடங்கி, காதைச் சுற்றி, தாடை வரை ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு வளைந்து போகும். மார்பில் இரண்டு கருப்புப் பட்டைகள். கீழே உள்ள பட்டை குதிரை லாடம் மாதிரி வளைந்து, இரு பக்கமும் கால் வரை இறங்கும். மேல் அலகு கருப்பு, கீழ் அலகின் அடிப்பகுதி மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கும். வயதுக்கு வராத குஞ்சுகளுக்கு இந்தப் பட்டைகள் இருக்காது. சாம்பல் பூசினது போல மங்கலாக இருக்கும்.

அறிவியல் பெயர் ஸ்பெனிஸ்கஸ் மெண்டிகுலஸ். 1871-ல் சுந்தேவால் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் வைத்த பெயர். முதல் சொல்லுக்குச் சின்ன ஆப்பு என்று பொருள். நீரைக் கிழித்துப் போகும் உடம்பை நினைத்தால் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது சொல்லுக்குச் சின்னப் பிச்சைக்காரன் என்று பொருள். பாவம், பெயர் வைத்தவர் என்ன நினைத்து வைத்தாரோ! இதன் நெருங்கிய உறவுப் பறவை பெரு, சிலி நாடுகளின் கரையில் வாழும் ஹம்போல்ட் பென்குயின்.

4. வெயிலைச் சமாளிக்கும் பொறியியல்

பென்குயினின் உடம்பு அடிப்படையில் குளிருக்குச் செய்தது. நெருக்கமான இறகு, அதற்கடியில் கொழுப்பு. குளிர்ந்த நீரில் மீன் பிடிக்க அது கட்டாயம் தேவை. ஏனென்றால் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். ஆனால், கரைக்கு வந்ததும் அதே கோட்டு வில்லங்கமாகிவிடுகிறது. கருப்பு எரிமலைப் பாறை மதிய வெயிலில் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும். குளிர்சாதன அறையில் போட்ட ஜாக்கெட்டைக் கழற்ற முடியாமல் அப்படியே மதிய வெயிலில் திடலில் நிற்பது மாதிரி. என்ன செய்கிறது பாருங்க.

முதலாவது, சின்ன உடம்பு. ஒரு கணக்குப் போடுவோம். பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் வெளிப்பரப்பு 6, கன அளவு 1. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் என்றால் வெளிப்பரப்பு 600, கன அளவு 1000. அதாவது, பொருள் பெரிதாகப் பெரிதாக, உள்ளே இருக்கும் சூடு வெளியேற அதற்குக் கிடைக்கும் பரப்பு ஒப்பீட்டில் குறைந்துகொண்டே போகும். ஒரு பானைச் சாம்பார் ஆறுவதற்கு முன்னால் ஒரு கிண்ணச் சாம்பார் ஆறிவிடுகிறதே, அதே காரணம்தான். அண்டார்டிகாவின் எம்பரர் பென்குயின் ஒரு மீட்டருக்கு மேல் உயரம், எடை 40 கிலோ வரை போகும். சூட்டைத் தேக்கி வைக்க அதற்குப் பெரிய உடம்பு வேண்டும். சூட்டைத் தள்ளிவிட இதற்குச் சின்ன உடம்பு வேண்டும்.

இரண்டாவது, துடுப்பு. கரையில் நிற்கும்போது இரண்டு துடுப்புகளையும் உடம்பிலிருந்து விலக்கி விரித்து வைத்திருக்கும். துடுப்பில் இறகு மெல்லியது. அங்கே இரத்த ஓட்டத்தைக் கூட்டினால் சூடு காற்றில் கலந்துவிடும். காரின் ரேடியேட்டர் செய்வதும் இதுதான். எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் சுமந்து வந்து, மெல்லிய தகடுகள் வழியாகக் காற்றிடம் கொடுத்துவிடும். இங்கே தண்ணீருக்குப் பதில் இரத்தம்.

மூன்றாவது, பாதம். பாதத்திலும் இறகு கிடையாது. அதனால் அதுவும் சூட்டை வெளியேற்றும். ஆனால், அதே பாதத்தில் வெயில் பட்டால் புண்ணாகிவிடும். அதனால் பறவை உடம்பை முன்னுக்கு வளைத்து, தன் நிழலைத் தன் பாதத்தின் மேலேயே விழ வைக்கும். குடையை யாரும் பிடிக்க வேண்டாம், அதுவே குடை.

நான்காவது, மூச்சு. நாய் இளைக்கிற மாதிரி வாயைத் திறந்து வேகமாக மூச்சு விடும். தொண்டையின் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தே தாரிக் ஆற்றும்போது ஆவி பறக்கிறதே, அந்த ஆவியோடுதான் தேநீரின் சூடும் போகிறது.

இவையெல்லாம் போதவில்லை என்றால்? நேராகக் கடலில் குதித்துவிடும். பெரும்பாலும் பகல் முழுக்கக் கடலில் இருந்துவிட்டு, மாலை இறங்கியபின்தான் கரையேறும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் கடைசித் துணை அந்தக் குளிர்ந்த கடல்தான்.

5. சாப்பாடும் குடும்பமும்

சார்டின், நெத்திலி, மடவை மாதிரி சின்ன மீன்கள்தான் உணவு. தூரமாகப் போகாது. கரையை ஒட்டியே வேட்டையாடும். கடல் நீரையே குடிக்கும். அதிகப்படியான உப்பைக் கண்ணுக்கு மேல் உள்ள ஒரு சுரப்பி வடிகட்டி, அலகு வழியாகச் சொட்டு சொட்டாக வெளியே தள்ளிவிடும்.

கூடு கட்ட அங்கே புல்லும் இல்லை, தோண்ட மண்ணும் அதிகம் இல்லை. எரிமலைப் பாறையின் இடுக்குகளிலும் சின்னக் குகைகளிலும் நிழலைத் தேடி முட்டையிடும். பெரும்பாலும் இரண்டு முட்டை. தாயும் தகப்பனும் முறை வைத்து 40 நாள் போல அடைகாக்கும். ஒன்று கூட்டில் இருந்தால் மற்றது கடலில். குஞ்சு பொரித்து, இறகு முளைத்து, தானே கடலுக்குப் போக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். மற்ற பெரும்பாலான பென்குயின்களுக்கு இனப்பெருக்கத்துக்கு என்று ஒரு பருவம் உண்டு. இதற்குக் கிடையாது. எந்த மாதமும் முட்டையிடும். கடல் குளிர்ந்து, மீன் நிறைய இருந்தால் ஒரே ஆண்டில் இரண்டு, மூன்று தடவைகூட முயற்சி செய்யும். கடல் சூடாகி மீன் குறைந்தால் முட்டையே இடாது. இட்ட முட்டையைக்கூட விட்டுவிட்டுப் போய்விடும். கேட்கக் கல்நெஞ்சு மாதிரி இருக்கும். ஆனால், தாய் தகப்பன் உயிரோடு இருந்தால் அடுத்த நல்ல காலத்தில் மறுபடி முட்டையிட முடியும். பட்டினியில் மூன்றும் செத்தால் ஒன்றும் இல்லை.

இறகு மாற்றுவதிலும் இதே முன்யோசனைதான். பென்குயின் பழைய இறகை ஒரே மூச்சாக உதிர்த்துப் புதிது முளைக்க வைக்கும். அதற்கு உடம்பில் நிறைய சக்தி வேண்டும். மற்ற வகைகள் குஞ்சுகளை வளர்த்து முடித்த பிறகு இறகு மாற்றும். கலாபகஸ் பென்குயின் குஞ்சு பொரிப்பதற்கு முன்னாலேயே மாற்றிவிடும், அதுவும் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு தடவை. நாளைக்கு மீன் கிடைக்குமோ கிடைக்காதோ, உடம்பில் தெம்பு இருக்கும்போதே கூரையை மாற்றி வச்சிடுவோம் என்கிற கணக்கு.

6. ஆயுளும் எல் நினோவும்

இந்தப் பறவை 15 முதல் 20 ஆண்டு வரை வாழக்கூடியது. ஒரு பறவைக்கு அது நல்ல ஆயுள்தான். ஆனால், பல அந்த வயதைத் தொடுவதில்லை. கடலில் சுறாவும் கடற்சிங்கமும், கரையில் பருந்தும் பாம்பும், முட்டைக்கு நண்டும் எலியும் காத்திருக்கும். இவையெல்லாம் காலம் காலமாக இருக்கும் எதிரிகள். இவற்றைத் தாங்கித்தான் இந்த இனம் வந்திருக்கிறது. பெரிய அடி வேறு எங்கிருந்தோ வருகிறது. அங்கேதான் நம்ம ஊரும் கதைக்குள் வருகிறது.

சாதாரண ஆண்டுகளில் பசிபிக் கடல் மேல் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசும். அந்தக் காற்று சூடான மேல்நீரை நம்ம பக்கம், அதாவது இந்தோனேசியாவை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தள்ளும் தெரியுமா? இந்தோனேசியப் பக்கம் கடல் மட்டம் ஈக்குவடோர் பக்கத்தைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்தே இருக்கும்! சூடான தண்ணீர் இந்தப் பக்கம் குவிவதால் நமக்கு மழை. அந்தப் பக்கம் மேல்நீர் விலகுவதால் ஆழத்துக் குளிர்நீர் சுலபமாக மேலே வரும். பென்குயினுக்கு மீன்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தக் காற்று தளர்ந்துவிடும். குவிந்திருந்த சூடான தண்ணீர் கிழக்கே திரும்பும். குரோம்வெல் நீரோட்டமும் வலுவிழக்கும். இதுதான் எல் நினோ. கலாபகஸில் கடல் சூடாகும், குளிர்நீர் மேலே வராது, மீன் கூட்டம் காணாமல் போகும். அதே நேரத்தில் நம்ம பக்கம் மழை குறையும், காடு காயும்.

1982-83 எல் நினோவில் கலாபகஸ் பென்குயின்களில் 77 விழுக்காடு அழிந்தன. 1997-98-ல் 65 விழுக்காடு. பெரும்பாலானவை பட்டினியால்.

1997 என்றதும் உங்க அம்மா அப்பாவுக்கு உடனே ஞாபகம் வரும். கேட்டுப் பாருங்க. சுமாத்திராவிலும் களிமந்தானிலும் காய்ந்த காட்டிலும் கரிமண் நிலத்திலும் மனிதர்கள் வைத்த தீ மாதக்கணக்கில் எரிந்தது. புகைமூட்டம் நம்மை மூடியது. அந்த ஆண்டு செப்டம்பரில் சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டி, அவசரநிலையே அறிவித்தார்கள். நம்ம பெற்றோர் முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன அதே நாள்களில், கடலின் மறுகோடியில் இந்தப் பறவைகள் வெறும் வயிற்றோடு கரையேறிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் காரணமான கடல் ஒன்றுதான்.

இப்போது ஆயுள் கணக்குக்கு வருவோம். 1982-க்கும் 1997-க்கும் இடையே 15 ஆண்டு. அடுத்த பெரிய எல் நினோ 2015-ல், இடைவெளி 18 ஆண்டு. பென்குயினின் ஆயுளும் 15 முதல் 20 ஆண்டு. அப்படியானால் முழு ஆயுள் வாழும் ஏறக்குறைய ஒவ்வொரு பறவையும் தன் வாழ்க்கையில் ஒரு பெரிய பஞ்சத்தையாவது சந்தித்தாக வேண்டும். தப்பித்தவை அடுத்த பஞ்சத்துக்குள் இழந்ததை ஈடுகட்ட வேண்டும். 100 பறவை 23 ஆகிவிட்டால், பழைய நிலைக்கு வர நான்கு மடங்குக்கு மேல் பெருக வேண்டும்.

கைப்பேசி பேட்டரியை நினைச்சுக்குங்க. 23 விழுக்காட்டுக்கு இறங்கியது பெரிய பிரச்சினை இல்லை, சார்ஜ் பண்ண நேரம் இருந்தால். பாதி ஏறுவதற்குள் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி பயன்படுத்தி, மறுபடி பாதியில் பிடுங்கினால் ஒருநாள் அணைந்துவிடும். இந்தப் பறவைக்கு எல் நினோ புதுசு இல்லை. பருவம் பார்க்காத முட்டை, முன்கூட்டியே இறகு மாற்றுவது, எல்லாமே அதைச் சமாளிக்கத்தான். அதற்கு இல்லாமல் போவது இடைவெளி. பூமி சூடாக ஆகக் கடுமையான எல் நினோ அடிக்கடி வரக்கூடும் என்று பல காலநிலை ஆய்வுகள் கணிக்கின்றன. எல் நினோ இப்போதுள்ள வேகத்தில் வந்துகொண்டிருந்தாலே, 100 ஆண்டுக்குள் இந்த இனம் அழிய சுமார் 30 விழுக்காடு வாய்ப்பு என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

7. மனிதன் கொண்டு வந்தவை

கடலைத் தவிர இன்னும் சில சுமைகள் இருக்கின்றன. கப்பலில் மனிதர்களோடு வந்த பூனையும் எலியும் நாயும் இந்தத் தீவுகளின் பறவைகளுக்கு முன்பின் தெரியாத எதிரிகள். 1980-களில் க்யூலெக்ஸ் கொசு வந்து சேர்ந்தது. பறவை மலேரியாவின் கிருமி இந்தப் பென்குயின்களின் இரத்தத்தில் இருப்பதை 2009-ல் அறிவித்தார்கள். மீன் வலையில் சிக்கியும் சில இறக்கின்றன. பஞ்சம் இல்லாத காலத்தில் ஒரு பூனை பத்துப் பறவையைக் கொன்றால் இனம் தாங்கிக்கொள்ளும். பஞ்சம் முடிந்து சில நூறு பறவைகள் மிஞ்சியிருக்கும்போது அதே பத்து பெரிய எண்.

8. கல்லால் ஒரு வீடு

நம்பிக்கை தரும் ஒரு விஷயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீ போர்ஸ்மா என்ற பேராசிரியர் 1970-களிலிருந்தே இந்தப் பறவையை ஆராய்ந்து வருகிறார். எல் நினோவை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால், நல்ல காலம் வரும்போது பறவை ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது. அதற்கு நிழலான கூடு தயாராக இருக்க வேண்டும். நல்ல இடுக்குகளோ குறைவு.

2010-ல் அவருடைய குழு பெர்னாண்டினா, இசபெலா, பார்த்தலோமே தீவுகளில் 120 கூடுகளைக் கட்டியது. சிமெண்ட் இல்லை, பிளாஸ்டிக் இல்லை. அங்கேயே கிடந்த எரிமலைக் கற்களை அடுக்கினார்கள், அவ்வளவுதான். பென்குயின்கள் அந்தக் கூடுகளில் குடியேறி, முட்டையிட்டு, குஞ்சும் பொரித்திருக்கின்றன.

பொறியியல் படிக்கிறவன் என்கிற முறையில் எனக்கு இது ரொம்பப் பிடித்த வடிவமைப்பு. பிரச்சினை முழுவதையும் தீர்க்கவில்லை. எந்த இடத்தில் கை வைத்தால் பலன் கிடைக்குமோ, அந்த இடத்தில் மட்டும் கை வைத்திருக்கிறார்கள். பேட்டரியை மாற்ற முடியாது, சார்ஜ் ஏறும் வேகத்தைக் கூட்டலாம்.

அதே மாதிரி நம்ம கை எட்டும் இடம் எது? கலாபகஸுக்கு நாம் போகப்போவதில்லை. ஆனால், பூமியைச் சூடாக்கும் புகையில் நம்ம பங்கும் உண்டு. கோயிலிலோ தாமானிலோ கோத்தோங் ரோயோங் முடிந்ததும் கூட்டிய சருகையும் குப்பையையும் ஒரு மூலையில் கொளுத்திவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படியும் குற்றம். அந்தச் சருகை ஒரு குழியில் போட்டு உரமாக்கலாம். அடுத்த துப்புரவுப் பணியில் இளைஞர் பிரிவே இதைப் பொறுப்பெடுக்கட்டும். இதனால் நாளைக்கே ஒரு பென்குயின் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நம்ம பங்கு புகையை நாம் குறைக்கிறோம், அவ்வளவுதான்.

நினைவில் வைக்க

பெயர்: கலாபகஸ் பென்குயின்
உயரம், எடை: சுமார் 50 சென்டிமீட்டர், 2 முதல் 2.5 கிலோ
அடையாளம்: கண்ணிலிருந்து தாடை வரை மெல்லிய வெள்ளைக் கோடு, மார்பில் இரண்டு கருப்புப் பட்டை
இருப்பிடம்: பெரும்பாலும் பெர்னாண்டினா, இசபெலா தீவுகளின் கரை
ஆயுள்: 15 முதல் 20 ஆண்டு வரை
எண்ணிக்கை: 2000-க்கும் குறைவு
நிலை: அழியும் ஆபத்தில் உள்ள இனம்

குழுவில் பேச

1. இரண்டு குவளை எடுத்துக்குங்க, ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இரண்டிலும் ஒரே சூட்டில் வெந்நீரை ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து வெப்பமானியால் அளந்து பாருங்க. எது முதலில் ஆறியது? ஏன்?

2. முட்டையை விட்டுப் போகும் பென்குயினைப் பற்றி உங்க கருத்து என்ன? அது பொறுப்பில்லாமையா, பொறுப்பா?

3. 1997 புகைமூட்டத்தைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாங்க. அடுத்த முறை செய்தியில் எல் நினோ என்று கேட்டால், நம்ம ஊரில் என்ன ஆகும், கலாபகஸில் என்ன ஆகும் என்று இரண்டையும் ஒரே உலகப் படத்தில் வரைந்து காட்டுங்க.